கரண்டு வைத்த இடம்

எங்கள் ஊரில் ரேடியேஷன் என்று யாரும் சொல்வதில்லை. ‘கரண்டு வைக்கிறது’ என்பார்கள். 1984இல் என் ஆத்தாவுக்குக் கரண்டு வைத்தார்கள். 2023இல் எனக்கு வைத்தார்கள். ஆத்தாவுக்குக் கர்ப்பப்பை வாயில் நோய். எனக்கு ப்ராஸ்டேட் சுரப்பியில். உறுப்பு வேறானாலும் இடம் கிட்டத்தட்ட ஒன்றுதான். இடுப்பெலும்புக் கூட்டுக்குள், ஒரு பக்கம் மூத்திரப்பை, இன்னொரு பக்கம் மலக்குடல், நடுவில் நோய். இந்த இரண்டையும் தொடாமல் அங்கே கதிர் வைப்பது கடினம்.

என் சிகிச்சை முடிந்த மாதம் ஊருக்குப் போய்ப் பரணில் கிடந்த தகரப் பெட்டியை இறக்கினேன். ஆத்தாவின் ஆஸ்பத்திரி அட்டை அதில் இருக்கும் என்று தெரியும். அவள் இறந்து 22 வருஷமாகியும் யாரும் அதைத் தூக்கிப் போடவில்லை. பழுப்பேறிய கனத்த காகிதம். உள்ளே பேனாவால் வரைந்த பெண்ணின் இடுப்புப் படம், அதன்மேல் ஒரு சதுரம். பக்கத்தில் 200 பெருக்கல் 25 என்று எழுதியிருக்கிறது. கதிரை அளக்க அன்றைக்கு ராட் கணக்கு. நாளைக்கு 200 ராடாக 25 நாள், மொத்தம் 5000. இன்றைய அளவில் 50 கிரே. கீழே தேதி போட்ட கட்டங்கள், வந்த நாளுக்கு ஒரு டிக். வாரக் கடைசியில் டாக்டர் பார்த்து எழுதிய குறிப்பு எல்லா வாரமும் ஒரே மாதிரி இருக்கிறது. இரண்டே ஆங்கிலச் சொற்கள்: ‘டாலரேட்டிங் வெல்’. நன்றாகத் தாங்கிக்கொள்கிறார் என்று அர்த்தம்.

கட்டங்களில் நான்கு காலியாக இருக்கின்றன. ஒன்று தீபாவளி. அடுத்தடுத்து இருக்கும் இரண்டு, இந்திரா காந்தி சுடப்பட்டதற்கு மறுநாளும் அதற்கு அடுத்த நாளும். எங்கள் பக்கம் பஸ் ஓடவில்லை. இந்த மூன்றுக்கும் காரணம் யாருக்கும் தெரியும். நான்காவது காலிக் கட்டத்துக்குக் காரணம் தெரிந்தவர்கள் இரண்டு பேர். இப்போது நான் மட்டும்தான்.

எனக்கு அப்போது 22 வயது. பி.ஏ. முடித்து வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் சும்மா இருந்த ஆள் நான் என்பதால் ஆத்தாவைக் கூட்டிப் போகும் பொறுப்பு என்னிடம் வந்தது. அக்காவைக் கட்டிக் கொடுத்தாயிற்று. அய்யா வயலை விட்டு வர முடியாது. ஆத்தாவுக்கு 48 வயது. மாதவிலக்கு நின்ற பிறகும் ரத்தம் பட்டதை அவள் எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. துவைக்கிற இடத்தில் அத்தை பார்த்துவிட்டுக் கேட்டதால்தான் வெளியே வந்தது. மகனோடு இந்த நோய்க்கு ஆஸ்பத்திரி போவது அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுப்பதோடு என் கடமை முடிந்ததாக இருந்தேன்.

முதல் நாள் கோடு போட்டார்கள். ஸ்கேன் எதுவும் கிடையாது. மேசையில் படுக்க வைத்து, இடுப்பெலும்பின் முனைகளை விரலால் தடவிப் பார்த்து, அதிலிருந்து இத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, ஊதா மருந்தில் பஞ்சுக்குச்சியை நனைத்து அடிவயிற்றில் சதுரம் வரைந்தார்கள். புண்ணுக்குப் போடுவோமே, அந்த ஊதாதான். ஒரு பக்கம் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர். வரைந்தவர் ஆண். ஆத்தா வெளியே வந்தபோது முந்தானையை இடுப்பைச் சுற்றி இறுக்கிச் செருகியிருந்தாள். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம் மட்டும், “சுண்ணாம்பு அடிக்கிற செவுத்துல கோடு போடுற மாதிரி போட்டுட்டாக” என்றாள். அவளுடைய மூன்று உள்பாவாடையிலும் அந்த ஊதா ஏறியது. கடைசிவரை போகவில்லை.

கோடு அழியக் கூடாது, இடுப்புக்குக் கீழே தண்ணீர் ஊற்றக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஐந்து வாரம். தினம் விடியுமுன் எழுந்து குளித்துவிட்டு அடுப்பு பற்ற வைக்கிறவள் ஆத்தா. அந்தத் தீபாவளிக்கு எங்கள் எல்லோருக்கும் தலையில் எண்ணெய் வைத்துவிட்டு, தனக்கு ஒரு சொட்டை உச்சியில் தொட்டு வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள்.

கருவி இருந்த அறை கீழ்த்தளத்தில். கதவு ஓர் அடிக்கு மேல் கனம். ஆத்தா உள்ளே போனதும் கதவை மூடுவார்கள். கம்ப்ரசர் காற்று விடுவது போல ஒரு சத்தம் வரும். சில நிமிடம் கழித்து மறுபடி அதே சத்தம். முன்பக்கம் ஒரு தடவை, பின்பக்கம் ஒரு தடவை. “மேல ஒரு இரும்புக் குடம் தொங்குதுடா. அதோட வாய் நம்மளப் பாத்துக்கிட்டு இருக்கு” என்றாள். கரண்டு என்ற சொல்லைக் கேட்டிருந்ததால் ஷாக் அடிக்கும் என்று முதல் வாரம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாளாம். அடிக்கவில்லை. சுடவும் இல்லை. அதன்பிறகு வேறு பயம் வந்தது. ஒருநாள் நடுவில் மின்சாரம் நின்றுவிட்டது. இருட்டில் தனியாகப் படுத்திருந்தவள் வெளியே வந்ததும் கேட்ட முதல் கேள்வி: “கரண்டு போயிருச்சே, இன்னைக்கு வச்சது சேருமா சேராதா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. இன்று தெரியும். அந்தக் கருவிக்குள் இருந்தது கோபால்ட்-60. கதிர் விடுவதற்கு அதற்கு மின்சாரமே வேண்டாம், இரவு பகல் விட்டுக்கொண்டே இருக்கும். ஈயக் கூண்டுக்குள் அடைபட்டிருக்கும் அதை வாசலுக்குத் தள்ளுவதற்குத்தான் மின்சாரம். மின்சாரம் நின்றால் தானாகவே கூண்டுக்குள் திரும்பிவிடும். பாக்கி நிமிடங்களை மின்சாரம் வந்ததும் வைத்து முடிப்பார்கள். அவளுக்கும் வைத்திருப்பார்கள். ஒரு நிமிடம் யாராவது இதைச் சொல்லியிருந்தால், அன்றிரவு அவள் தூங்காமல் எழுந்து எழுந்து உட்கார்ந்திருக்க மாட்டாள்.

கோபால்ட்டைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. கனடாவில் சஸ்கட்டூன் நகரில் 1951 நவம்பரில், ஹெரால்ட் ஜான்ஸ் என்ற இயற்பியலாளர் அமைத்த கோபால்ட் கருவியில் முதன்முதலாகப் படுத்த நோயாளி ஆத்தாவின் நோயோடுதான் வந்தார். 43 வயது, நான்கு பிள்ளைகளின் தாய். குணமாகி 90 வயது வரை வாழ்ந்தார். நம் பக்கத்தில், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாறில் தொடங்கிய மருத்துவமனைக்கும் அந்தப் பத்தாண்டிலேயே கோபால்ட் வந்தது. இந்தியாவில் ஏழைப் பெண்கள் இந்த நோயிலிருந்து பிழைத்ததென்றால் பெரும்பாலும் அந்த இரும்புக் குடத்தால்தான். ஆத்தாவும் பிழைத்தாள். அதற்குப் பிறகு 17 வருஷம் இருந்தாள், என் கல்யாணம் பார்த்தாள், பேத்திக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆனால் கோபால்ட்டுக்கு வயதாகும். 5.27 வருஷத்தில் வீரியம் பாதியாகிவிடும். அப்போது அதே அளவு கதிர் வைக்க இரண்டு மடங்கு நேரம் படுத்திருக்க வேண்டும். நாங்கள் போன இடத்தில் இருந்தது பழசு. “சோர்ஸ் பழசாயிருச்சு, உக்காருங்க” என்று அங்கே இருந்தவர்கள் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் நேரம் நீண்டது, அதனால் வரிசையும் நீண்டது. காலை எட்டு மணிக்குப் போனால் சில நாள் மாலை நான்கு மணிக்குத்தான் கூப்பிடுவார்கள்.

எனக்கு நோய் தெரிந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவருஷம் ரத்தப் பரிசோதனையில் ப்ராஸ்டேட்டுக்காகப் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவு கூடியிருந்தது. எம்.ஆர்.ஐ., பயாப்ஸி, பிறகு மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா 20 நாள் போதும் என்றார். நாளைக்கு 3 கிரே, மொத்தம் 60. பிரிட்டனில் 3216 ஆண்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், 37 நாள் சிகிச்சைக்கு இந்த 20 நாள் சளைத்ததில்லை என்று 2016இல் முடிவு வந்ததாம். “நாங்க தினமும் உள்ள பார்த்துட்டுத்தான் வைப்போம், ஐயா. அதனால நாளுக்குக் கொஞ்சம் கூடவே வைக்க முடியுது” என்றார். ஐ.ஜி.ஆர்.டி. என்கிற பெயரை அன்றுதான் கேட்டேன். படம் பார்த்து வழிநடத்தும் கதிர் சிகிச்சை.

உள்ளே பார்ப்பதற்கு அடையாளம் வேண்டும். ப்ராஸ்டேட் சதை, எக்ஸ்ரேயில் தனியாகத் தெரியாது. அதனால் ஊசி வழியாக மூன்று தங்க மணிகளை அதற்குள் வைத்தார்கள். ஒவ்வொன்றும் அரிசிக் குறுணை அளவு, ஒரு மில்லிமீட்டர் தடிமன். மூன்றும் சேர்ந்தால் ஒரு குன்றிமணி எடை வரும். எடுக்க மாட்டார்கள், சாகும்வரை உள்ளேயே இருக்கும். ஒரு வாரம் விட்டு, மணிகள் ஓர் இடத்தில் நிலைத்த பிறகு, திட்டமிடும் ஸ்கேன் எடுத்தார்கள்.

தங்கம் என்று டாக்டரம்மா சொன்னபோது என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குக் கதை தெரியும். 1984இல் பஸ்ஸுக்கும் மருந்துக்கும் வெளிச் சாப்பாட்டுக்கும் ஆத்தாவின் அரைப் பவுன் தோட்டை அடகு வைத்தோம். நான்தான் கொண்டுபோய் வைத்தேன். மீட்கவில்லை. எனக்கு வேலை கிடைத்து முதல் சம்பளம் வாங்கியபோது அடகுக்கடையில் அது முங்கிப் போயிருந்தது. புதுத்தோடு வாங்கித் தருகிறேன் என்றேன். “காது தூந்துபோச்சுடா, விடு” என்று சொல்லிவிட்டாள். வேப்பங்குச்சி போட்டே கடைசிவரை அந்தத் துளையை அவள் காத்துவந்தது அவள் இறந்த அன்று குளிப்பாட்டியவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

என் 20 நாளும் இப்படித்தான் நடந்தன. ஒரு மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். காலையிலேயே வயிறு சுத்தமாகியிருக்க வேண்டும். மூத்திரம் முழுக்கப் போய்விட்டு வந்து, அரை லிட்டர் தண்ணீரைப் பத்து நிமிடத்துக்குள் குடித்துவிட்டு, 45 நிமிடம் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். மூத்திரப்பை நிறைந்திருந்தால் அதன் பெரும்பகுதி மேலே எழும்பிக் கதிரின் வழியிலிருந்து விலகிவிடும், குடலையும் மேலே தள்ளிவிடும். தினமும் ஒரே அளவு நிறைந்தால்தான் ப்ராஸ்டேட்டும் தினமும் ஒரே இடத்தில் இருக்கும். காத்திருக்கும் கூடத்தில் என்னைப் போல ஏழெட்டு ஆண்கள், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலோடு கடிகாரத்தைப் பார்த்தபடி இருப்போம்.

உள்ளே மேசை குளிரும். முழங்காலுக்குக் கீழே அணை, பாதத்துக்கு ஒரு பிடி. இரண்டு இடுப்புப் பக்கமும் அடிவயிற்றிலும் மச்சம் போல மூன்று புள்ளி பச்சை குத்தியிருந்தார்கள். சுவரிலிருந்து வரும் லேசர் கோடுகள் அந்தப் புள்ளிகளின் மேல் வந்து விழுமாறு என்னை நகர்த்துவார்கள். எல்லோரும் வெளியே போன பிறகு கருவியின் கைகள் என்னைச் சுற்றி ஒரு சுற்று வரும். ஒரு நிமிடம். அதற்குள் என் இடுப்பு முழுக்கப் படமாகிவிடும். வெளியே அவர்கள் அந்தப் படத்தைத் திட்டப் படத்தின் மேல் வைத்து, மூன்று மணிகளும் மூன்று வட்டத்துக்குள் வருகின்றனவா என்று பார்ப்பார்கள். மேசை தானாக இரண்டு மில்லிமீட்டர் இடப்பக்கம், மூன்று மில்லிமீட்டர் மேலே என்று நகரும். நகர்வது முதுகுக்குத் தெரியும். அதன் பிறகுதான் சிகிச்சைக் கதிர். கருவி இன்னொரு முறை சுற்றும்போது முடிந்துவிடும். இந்தக் கருவி மட்டும் உண்மையிலேயே மின்சாரத்தால் கதிரை உண்டாக்குகிறது. ஆத்தாவுக்கு வைத்ததை விட எனக்கு வைத்ததற்குத்தான் ‘கரண்டு’ என்ற பெயர் பொருந்தும்.

மூன்றாம் நாள் குடலில் வாயு இருந்தது. படத்தில் மலக்குடல் ஊதி, ப்ராஸ்டேட்டை முன்னால் தள்ளியிருந்ததாம். எழுப்பி, நடந்துவிட்டு வரச் சொன்னார்கள். அரை மணி கழித்து மறுபடி படம். சரியான பிறகே வைத்தார்கள். ஒரு வாயுக்குமிழியால் எட்டு மில்லிமீட்டர் விலகியிருந்தது என்று கருவியை இயக்கும் பெண் திரையில் காட்டினாள். எனக்குத் தொண்டையை அடைத்துக்கொண்டது. ஆத்தாவின் வயிற்றுக்குள் அந்த 25 நாளும் எது எங்கே இருந்தது என்று யாருமே பார்க்கவில்லை. பார்க்க வழியும் இல்லை. ஊதாக் கோடுதான் வழி. அதுவும் ஒரு தடவை அழிந்துபோய் மறுபடி போட்டார்கள். பழைய இடத்திலேயே போட்டார்களா என்பது போட்டவருக்கே தெரிந்திருக்காது.

நோய் இருக்கும் இடத்தைச் சுற்றி ஓர் ஓரம் விட்டுத்தான் கதிர் வைக்கிறார்கள். ஆள் அசையலாம், உறுப்பு நகரலாம், அதற்காக. எனக்கு விட்ட ஓரம் பின்பக்கம் 5 மில்லிமீட்டர், மற்றப் பக்கம் 7. அது சந்தேகத்தின் அகலம். சந்தேகம் எவ்வளவோ அவ்வளவு நல்ல சதையும் சேர்ந்து கதிர் வாங்கும். ஆத்தாவின் காலத்தில் சந்தேகம் பெரிது. அவள் நோய்க்கு இடுப்பிலுள்ள நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்துத்தான் வைக்க வேண்டும் என்பதால், இன்றைக்கு வந்திருந்தாலும் என்னளவு சிறிய இடம் அவளுக்கு வாய்த்திருக்காது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சதுரத்துக்குள் அவளுடைய மூத்திரப்பை முழுசாக இருந்தது, மலக்குடல் முழுசாக இருந்தது, சிறுகுடலில் ஒரு பங்கு இருந்தது.

ஒன்பதாம் நாள் எனக்கு முன்னால் போனவருக்கு நடுவில் கருவி நின்றுவிட்டது. தண்ணீர் குடித்து 45 நிமிடம் ஆனது, 60 ஆனது, 70 ஆனது. இரண்டாவது வாரத்தில் மூத்திரப்பை ஏற்கெனவே புண்பட்டு எரிய ஆரம்பித்திருந்தது. போய்விட்டு வந்தால் மறுபடி ஒரு மணி நேரம், இருந்துவிடலாம் என்று இருந்தேன். கூப்பிட்டார்கள். மேசையில் படுத்து முழங்காலை அணையில் வைத்ததும் அடக்க முடியவில்லை. மேசையெல்லாம் நனைந்தது. 61 வயதில், என் மகள் வயதுப் பெண்ணுக்கு முன்னால். கண்ணை மூடிக்கொண்டேன். அவள் ஒரு துணியை எடுத்து என்மேல் போர்த்திவிட்டு, “பரவாயில்லப்பா, இங்க எல்லாருக்கும் நடக்கிறதுதான். மெதுவா எந்திரிங்க” என்றாள். மாற்று கவுன் கொண்டுவந்தாள். தண்ணீர் பாட்டிலையும் அவளே நிரப்பிக் கொடுத்தாள். “லேட் ஆனா வந்து சொல்லிருங்கப்பா, அடக்கிட்டு இருக்காதீங்க” என்றாள்.

மறுபடி அந்த அரை லிட்டரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த 45 நிமிடமும் ஆத்தாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் கக்கூஸ் கட்டியது 1996இல். அதுவரை எங்கள் தெருப் பெண்கள் விடியுமுன் ஒரு தடவை, இருட்டிய பிறகு ஒரு தடவை கருவேலங்காட்டுக்குப் போவார்கள். நடுவில் பன்னிரண்டு மணி நேரம். நாற்றுப் பாவி, களையெடுத்து, கதிரறுத்து, அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் அடக்கியிருப்பார்கள். அதற்காகவே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். எங்கே வேண்டுமானாலும் ஒதுங்கிக்கொண்ட எனக்கு ஒரு மணி நேரம் முடியவில்லை. அவளுக்கு அது வாழ்நாள் பழக்கம்.

அன்று ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேர பஸ். வழியில் இரண்டு இடத்தில் டிரைவர் டீ குடிக்க நிறுத்துவார். ஆண்களெல்லாம் இறங்கி பஸ்ஸுக்குப் பின்னால் போவோம். நானும் போவேன். திரும்பி ஏறும்போது ஆத்தா அதே ஜன்னலோரம், முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மூன்றாவது வாரத்துக்குப் பிறகு, மூத்திரப்பையெல்லாம் வெந்திருந்தபோதும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ‘ஆத்தா, நீயும் இறங்குறியா’ என்று ஒரு நாள்கூட நான் கேட்கவில்லை. இந்த ஒன்றை மட்டும் எனக்கு மன்னிக்கத் தெரியவில்லை.

ஆத்தாவுக்கு வெளியிலிருந்து வைப்பது முடிந்ததும் உள்ளே வைப்பது இருந்தது. கதிரியக்கக் குழாய்களைக் கர்ப்பப்பைக்குள் வைத்து, ஒரு நாளைக்கு மேல் திரும்பிக்கூடப் படுக்காமல் மல்லாந்து கிடக்க வேண்டும். யாரும் பக்கத்தில் போகக் கூடாது. கதவருகில் நின்று பேசலாம். நான் நின்றேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே, ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போட்டார்களா என்று விசாரித்தாள்.

எனக்குச் சிகிச்சை தொடங்கும் முன், டாக்டரம்மா ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு வரிவரியாக விளக்கினார். களைப்பு வரும். எரிச்சல் வரும். இரவில் நாலைந்து முறை எழ வேண்டியிருக்கும். இதெல்லாம் முடிந்து சில வாரத்தில் அடங்கிவிடும். “ரெண்டு மூணு வருஷம் கழிச்சு சில பேருக்கு மலத்துல ரத்தம் வரலாம். நோய் திரும்பிருச்சோன்னு பயந்துராதீங்க. குடல்ல கதிர் பட்ட இடத்துல ரத்தக்குழாய் மெலிஞ்சு கசியும். எங்ககிட்ட வாங்க, அதுக்கு வைத்தியம் இருக்கு” என்றார். என் மனைவி குறித்துக்கொண்டாள். நான் தலையாட்டினேன். ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை.

1987லிருந்து ஆத்தாவுக்கு அப்படி ரத்தம் போனது. அவள் நோய் திரும்பிவிட்டது என்றே நினைத்தாள். மறுபடி அடகு வைக்க வீட்டில் எதுவும் இல்லை என்றும் அவளுக்குத் தெரியும். பழைய வேட்டியைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டு 14 வருஷம் நடமாடியிருக்கிறாள். வெளிறிப்போய், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவாள். சத்துக் குறைவு என்று நான் பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்தேன். கடைசி வருஷம் மயங்கி விழுந்தபோதுதான் டாக்டர் கேட்டு, அவள் சொன்னாள். சாகப்போகிறோம் என்று நம்பிக்கொண்டே 14 தீபாவளிக்கு எங்களுக்குப் பலகாரம் சுட்டிருக்கிறாள்.

இப்போதெல்லாம் சிகிச்சை நடக்கும்போது வாரத்துக்கு ஒரு முறை கேள்வித்தாள் கொடுக்கிறார்கள். இரவில் எத்தனை முறை எழுந்தீர்கள், அடக்க முடியாமல் போனது எத்தனை நாள், மீதி நாளெல்லாம் இப்படியே இருக்க நேர்ந்தால் எப்படி உணர்வீர்கள். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. அந்தக் கடைசிக் கேள்வியை முதல் வாரம் படித்தபோது பேனாவை வைத்துவிட்டேன். என்னுடையது முதல் வாரம் 9, மூன்றாம் வாரம் 19. அந்த 19ஐப் பார்த்ததும் டாக்டரம்மா மாத்திரையை மாற்றினார், எரிச்சல் பாதியானது. நான் சொன்னேன், அவர் செய்தார். ஆத்தாவின் அட்டையில் மூன்றாம் வாரமும் நான்காம் வாரமும் ‘டாலரேட்டிங் வெல்’ என்றே இருக்கிறது. எழுதியவரையும் நான் குறைசொல்ல மாட்டேன். அவருக்கு முன்னால் அறுபது எழுபது பேர் நின்றார்கள். ‘எப்படிம்மா இருக்கு’ என்று கேட்டிருப்பார். ஆத்தா, கேட்டவரின் முகத்தைப் பார்க்காமல், ‘நல்லா இருக்குங்கய்யா’ என்றிருப்பாள். பக்கத்தில் மகன் நிற்கிறேனே.

அந்த நான்காவது காலிக் கட்டம் நான்காம் வாரத்து வியாழக்கிழமை. புதன் இரவு ஆத்தா கருவேலங்காட்டுக்கு ஏழெட்டு முறை போய் வந்தது எனக்குத் தெரியும். காலையில் நீராகாரம்கூடக் குடிக்காமல் கிளம்பினாள். பஸ்ஸில் கூட்டம். பாதி வழியில், டீக்கடை நிறுத்தத்துக்கு முன்பே, என் கையைப் பிடித்து, “நிப்பாட்டச் சொல்லுடா” என்றாள். அதற்குள் சேலை நனைந்துவிட்டது. பஸ்ஸில் யாரோ மூக்கைப் பொத்தினார்கள். கண்டக்டர் விசிலடித்தார். இறங்கினோம்.

ஐப்பசி மழையில் ரோட்டோரக் கண்மாய் தண்ணீர் ததும்பிக் கிடந்தது. அந்த வழியில் ஆள் நடமாட்டம் இல்லை. ஆத்தா கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தாள். நான், “ஆத்தா, கோடு அழிஞ்சிரும்” என்றேன். எனக்கு அதுதான் வாயில் வந்தது. அவள் ரவிக்கைக்குள்ளிருந்து மஞ்சப்பையில் சுருட்டி வைத்திருந்த அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

“இத நனையாம வச்சுக்க. அங்கிட்டுத் திரும்பி நில்லு.”

திரும்பி நின்றேன். பின்னால் அவள் படியிறங்குவதும், தண்ணீர் விலகுவதும், துணியைக் கல்லில் கசக்குவதும் கேட்டது. நெடுநேரம் ஆனது. ஈரச் சேலையோடு மேலே ஏறி வந்தவள், “வா, எதிர்த்தாப்ல வர்ற பஸ்ஸுக்கு நிப்போம். நாளைக்குப் போய்க்கிருவோம்” என்றாள். அட்டையைத் திரும்ப வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நனைந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மறுபடி மஞ்சப்பையில் சுருட்டிக்கொண்டாள்.